பார்க்காமலே எழுதுகிறாள்

அக்டோபர் 2, விஜயதசமி

தினமும் எழுத வேண்டும் என்று எஸ்தர் மிஸ் சொல்லிவிட்டார். வட்டார வள மையத்திலிருந்து புதன்கிழமைதோறும் சம்முவுக்குப் பாடம் சொல்ல வீட்டுக்கு வருகிற சிறப்பாசிரியர் அவர். "என்ன சாப்பிட்டா, எதுக்குச் சிரிச்சா, எதுக்கு அழுதா, எல்லாத்தையும் எழுதி வைங்க சம்மு அம்மா" என்றார். லாரி புக்கிங் ஆபீஸில் கொடுத்த போன வருஷத்து டைரி சும்மா கிடந்தது. கிழமையெல்லாம் தப்பாக வருகிறது. அடித்துவிட்டு எழுதுகிறேன்.

காலையில் பிள்ளையார் கோயிலில் சம்முவுக்கு அரிசியில் எழுதினோம். ஆறு வயசுக்கு இது லேட்டுதான். போன இரண்டு வருஷமும் தட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடிவிட்டாள். இந்த முறை அவள் அப்பா மடியில் உட்காரவைத்து, அவள் விரலைத் தன் விரலுக்குள் வைத்துக்கொண்டு 'அ' போட்டார். கையை இழுக்கவே இல்லை. ஐயர்கூட, "அட, பாப்பா சமர்த்தாயிட்டாளே" என்றார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வருஷமாக நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டுகிற ஆளுக்கு ஒரு 'அ'வுக்கு அழுகை. வெளியே வந்ததும் நன்றாகக் கிண்டல் செய்தேன்.

சம்முவிடம் மூன்று சத்தங்கள் இருக்கின்றன. ம்மா, பா, க்கூ. ம்மா என்றால் நானும் உண்டு, ஃபேனும் உண்டு, பக்கத்து வீட்டுக் கோழியும் உண்டு. அவளுக்குப் பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை. இந்தத் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்தால் போதும். பிள்ளையாரிடம் இன்றும் அதைத்தான் கேட்டேன்.

அக்டோபர் 4

இவர் கிளம்பிவிட்டார். ஈரோட்டு மஞ்சள், கல்கத்தா வரைக்கும். அங்கிருந்து வேறு லோடு ஏற்றிக்கொண்டு கவுகாத்தி. திரும்பி வரக் கார்த்திகை ஆகும்.

போகும் முன் ஒரு நல்ல காரியம் செய்தார். லாரி முகப்பில் பேர் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கர் கடையில் சொல்லி, தமிழ் எழுத்தெல்லாம் வெட்டி வாங்கி வந்தார். கொம்பும் காலும் தனித்தனியாக வேண்டாம், முழு எழுத்தாகவே வெட்டுங்கள் என்று நான் முன்னாடியே சொல்லியிருந்தேன். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் மிச்சம் கிடந்த பிளைவுட்டில் வரிசையாக ஒட்டினோம். சம்மு இரண்டு கையை விரித்தாலும் எட்டாத பலகை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்தால் எழுத்தெல்லாம் எரிகிற மாதிரி இருக்கிறது. அந்த நேரத்தில்தான் சம்மு அதன் பக்கமே வருகிறாள்.

அக்டோபர் 8

எஸ்தர் மிஸ் பலகையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "முதல்ல நீங்க விரலப் பிடிச்சு எழுத்தத் தொட வைங்க. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. அப்புறம் சுத்தமா எடுத்துரணும். பிடிக்கிறது கொஞ்ச நாள்தான், மறந்துராதீங்க" என்றார். சரி என்றேன். இட்லி மாவு புளித்துவிட்டது. புளித்த மாவில் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன், மிஸ் நான்கு சாப்பிட்டார்.

அக்டோபர் 15

சம்மு எழுதிவிட்டாள்.

வெயில் வந்ததும் மடியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்துக்கொண்டு, "என்ன வேணும் சாமி?" என்று கேட்டேன். தினமும் கேட்பதுதான். இன்று அவள் விரல் என் கைக்குள் அசைந்தது. நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அது தானாகப் போகிறது. 'பா'வைத் தொட்டது. அப்புறம் கீழ் வரிசைக்கு இறங்கி 'ல்'. பால்.

டம்ளரில் ஊற்றும்போது பாதியைத் தரையில் கொட்டினேன். பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா ஓடி வந்து என்ன ஆச்சு என்றாள். அழுதுகொண்டே சொன்னேன்.

அக்டோபர் 16

இன்றும் பால் என்று எழுதினாள். கொடுத்தால் குடிக்கவில்லை, தள்ளிவிட்டாள். சூடாக இருந்திருக்கும்.

அக்டோபர் 21

தீபாவளி முடிந்தது. நேற்று முழுக்க இவள் கட்டிலுக்கு அடியில். தெருவில் சரம் வெடிக்கிறவர்களிடம் போய்ச் சண்டை போட்டேன். "வருஷத்துக்கு ஒரு நாளுங்" என்கிறார்கள். காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிற பிள்ளைக்கு நாள் கணக்கா தெரியும்?

இன்று மத்தியானம் எழுதினாள்: சத்தம் வேண்டாம். பயமா இருக்கு. எவ்வளவு தெளிவு. ஆறு வருஷமாக உள்ளே இத்தனையையும் வைத்துக்கொண்டு வாயை மூடிக் கிடந்திருக்கிறது என் பிள்ளை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், எழுதும்போது இவள் பலகையைப் பார்ப்பதே இல்லை. ஃபேனைப் பார்க்கிறாள், இல்லாவிட்டால் ஜன்னல் கம்பியை. விரல் மட்டும் எழுத்தைத் தேடிக்கொண்டு போகிறது. அத்தனை எழுத்தும் எங்கெங்கே இருக்கிறது என்று மனப்பாடம்.

அக்டோபர் 27

இவர் கல்கத்தாவிலிருந்து பேசினார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "அப்பாவுக்கு என்ன சொல்றே சம்மு?" என்று கேட்டேன். விரல் போனதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். சீ. க். கி. ர. ம். வா. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அழுதுகொண்டிருக்கிறார்.

அப்புறம் ஊர்க் கதை. கவுகாத்தி லோடுக்காக இத்தனை நாள் காத்துக் கிடப்பது, டீசல், போலீஸ்காரர், வங்காளத்துச் சாப்பாட்டில் கடுகெண்ணெய் நாற்றம். ருக்குமணி அக்கா வீட்டுக்காரர் லாரி விஜயவாடாவில் சரக்கு இறக்கிவிட்டதாம், இந்த வாரக் கடைசியில் ஊர் திரும்பிவிடுவாராம். குழம்பு அடுப்பில் இருந்ததால் பாதி காதில் வாங்கி வைத்தேன்.

அக்டோபர் 29

எஸ்தர் மிஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் எழுதிக் காட்டச் சொன்னதையெல்லாம் சம்மு எழுதிக் காட்டினாள். மிஸ் பலகையைப் பார்க்காமல் சம்முவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் விரலையேதான் பிடிக்கிறீங்களா? மணிக்கட்டுக்கு மாத்தலையா?" என்றார். மாற்றிப் பார்த்தேன், மிஸ். கையை எடுத்தால் விரல் நின்றுவிடுகிறது. பிள்ளைக்குத் தைரியம் வேண்டாமா?

சாயங்காலம் ருக்குமணி அக்கா வந்தாள். "ஏம்புள்ள துளசி, எங்க ஊட்டுக்காரரு எப்ப வருவாருன்னு அம்மணியக் கேளேன்" என்றாள், விளையாட்டாகத்தான். கேட்டேன். விரல் போயிற்று. வெ, ள், ளி.

நவம்பர் 1

ருக்குமணி அக்கா வீட்டுக்காரர் நேற்று வந்துவிட்டார். நேற்று வெள்ளிக்கிழமை.

அக்கா காலையிலேயே தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு வந்து சம்முவின் நெற்றியில் திருநீறு பூசினாள். சம்மு துடைத்துவிட்டாள். "உம்பட புள்ளைக்கு வாய் மட்டுந்தான் இல்ல துளசி. மத்ததெல்லாம் நம்மளவிட ஜாஸ்தி" என்றாள். சம்முவுக்கு எப்படித் தெரிந்தது என்று நாள் முழுக்க யோசித்தேன். பாத்திரம் தேய்க்கும்போதும் அதே யோசனை.

நவம்பர் 6

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இது டிரைவர்கள் தெரு. எந்த வீட்டிலும் ஆண்பிள்ளை இருப்பதில்லை, எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். மூன்று மணி வெயிலுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். யாரோ பலகைக்குச் சாமந்திப் பூ வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் வரைக்கும் இவளைப் பார்த்தால் தங்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டவர்கள்தான் இவர்கள். இப்போது "துளசிமணி, துளசிமணி" என்று வாய் வலிக்கக் கூப்பிடுகிறார்கள். பொய் எதற்கு, எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு மூன்று பேருக்கு மேல் கேட்டால் சம்மு கையை உருவப் பார்க்கிறாள், கத்துகிறாள். "வாக்கு வர்ற நேரம் அப்படித்தான் இருக்கும், விட்றாத, கெட்டியாப் புடி" என்கிறாள் ருக்குமணி அக்கா. பிடித்துக்கொள்கிறேன்.

நவம்பர் 9

யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே கேட்டேன். இத்தனை நாளும் கேட்கப் பயந்த கேள்வி. "அம்மா மேல கோவமா சாமி?"

ரொம்ப நேரம் விரல் நகரவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு க்கூ க்கூ என்று முனகிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகப் போயிற்று. கோவம் இல்லை. அம்மா தங்கம்.

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்.

நவம்பர் 12

எஸ்தர் மிஸ்ஸை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வந்ததும் என்னைச் சமையலறைக்குப் போகச் சொன்னார். உள்ளே சம்முவுக்கு ஏதோ ஒரு பொருளைக் காட்டினாராம். பையில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நான் என்ன காட்டினேன்னு சம்மு எழுதட்டும்" என்றார். விரலைப் பிடித்தேன். எங்கெங்கோ அலைந்தது. இதுவரை அப்படி அலைந்ததே இல்லை. கடைசியில் 'பந்து' என்று நின்றது. மிஸ் பையிலிருந்து சீப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். இன்னொரு தடவை. 'சாவி' என்று வந்தது. பையில் இருந்தது கரண்டி.

"சம்மு அம்மா, எழுதுறது சம்மு இல்ல. உங்க கைதான், உங்களுக்கே தெரியாம. நிறையப் பேருக்கு இது நடக்கும். நீங்க பொய் சொல்றதா நான் சொல்லல" என்றார்.

சொல்லாமல் சொன்னது வேறென்ன? குழந்தைக்கு வந்து பரீட்சை வைப்பதா? தன்னை நம்பாத ஆளுக்கு அவள் எதற்கு ஒழுங்காக எழுத வேண்டும்? வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். என் கை அசைந்தால் எனக்குத் தெரியாதா? டம்ளரில் இருந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன். குடிக்காமலே போனார்.

நவம்பர் 16

இவர் போன் இரண்டு நாளாக ஸ்விட்ச் ஆஃப். கடைசியாகப் பேசியபோது சிலிகுரி தாண்டி ஒரே மழை என்றார். ரோட்டோரத்தில் ஆறு பொங்கி ஓடுகிறதாம்.

சார்ஜ் இருந்திருக்காது.

நவம்பர் 17

புக்கிங் ஆபீஸில் கேட்டேன். "அந்தப் பக்கம் டவரு கெடைக்காதுங் அக்கா. வந்துருவாப்ல" என்றான் பையன், வேறு யாருக்கோ பில் போட்டுக்கொண்டே.

பலகையில் கேட்கவில்லை. இன்று முழுக்கப் பலகைப் பக்கமே போகவில்லை.

நவம்பர் 18

சம்முவுக்குக் காய்ச்சல். கசாயம், ஈரத்துணி. ரேஷன் கடைக்குப் போக முடியவில்லை. போன் இன்னும் ஸ்விட்ச் ஆஃப்.

நவம்பர் 19

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மத்தியானம் மருந்து கொடுத்ததும் சம்மு தூங்கிவிட்டாள். மூன்று மணிக்கு வெயில் வந்தது. பலகை எரிய ஆரம்பித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பலகையை இழுத்துப் பாய் ஓரமாக வைத்தேன். அவளை எழுப்ப மனசு வரவில்லை. சும்மா விரலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் பிடித்தேன். சுட்டது. மனசுக்குள்தான் கேட்டேன், வாய் திறக்கவில்லை. அப்பா எங்க சாமி?

விரல் எழுந்தது.

அவள் கண் மூடியிருக்கிறது. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, குறட்டை மாதிரி மூச்சு. தோளிலிருந்து கை துணி மாதிரித் தொங்குகிறது. விரல் மட்டும் விறைப்பாகப் போகிறது. விழித்திருக்கும்போது போவதைவிட வேகமாக. அ, ப், பா. கொஞ்சம் நின்றது. அப்புறம் த, ண், ணி, யி, ல. அப்பா தண்ணியில. கையை உதற நினைத்தேன், முடியவில்லை. மறுபடியும் போயிற்று. கு, ளி, ரு, து.

விட்டதும் கை தொப்பென்று பாயில் விழுந்தது. அவள் அந்தப் பக்கம் புரண்டு படுத்தாள்.

தூக்கத்திலும் இவளுக்குத் தெரிகிறது. எஸ்தர் மிஸ் வந்து இதைப் பார்க்கட்டும். தூங்குகிற பிள்ளை எழுதுகிறாள், இதற்கு என்ன சொல்வார்?

ருக்குமணி அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

நவம்பர் 20

காலையிலிருந்தே பெண்கள் வந்துவிட்டார்கள். சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் அடுப்பை அணைத்தாள். இன்னொருத்தி தன் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து வைத்தாள். எழவு வீட்டுக்குத்தான் அப்படிக் கொண்டுவருவார்கள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அடுப்பைத் திரும்பப் பற்றவைத்து எல்லாருக்கும் காபி போடப் போனேன்.

பால் பொங்கும் நேரம் கூடத்தில் ஒரு அலறல். ஓடி வந்தேன்.

நல்லம்மா அக்கா சம்முவைத் தன் மடியில் போட்டிருந்தாள். நல்லம்மா அக்காவின் பையன் கிளீனராகப் போனவன், நாலு வருஷம் முன்னால் நாக்பூர்ப் பக்கம் ஒரு டாபாவில் இறங்கினான், அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அந்த அக்கா சம்முவின் விரலைப் பிடித்திருக்கிறாள். விரல் பலகையில் போகிறது. அதே விறைப்பு. அதே வேகம். ருக்குமணி அக்கா சத்தமாக வாசிக்கிறாள்: "ம்மோவ்... பசிக்குது... சோறு போடு..."

"எம்பட பையன்தான். இப்படித்தான் கூப்புடுவான், வாசல்லயே நின்னுட்டு ம்மோவ்னு" என்று நல்லம்மா அக்கா மார்பில் அடித்துக்கொள்கிறாள், ஒரு கையால். இன்னொரு கை விரலை விடவில்லை. "எங்கடா இருக்கறே சாமி? எங்கன்னு சொல்லு." விரல் மறுபடி ஓடுகிறது. பசிக்குது. பசிக்குது. பசிக்குது.

நான் சம்முவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் அவள் என் மடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எழுதும்போது முகத்தை எதிரிலிருந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த முகத்தில் யாரும் இல்லை. கண் மேலே ஃபேனில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய் ஓரத்தில் எச்சில். கை அவளுடையதே இல்லை என்பதுபோல அதை அந்த அக்காவிடம் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டிருக்கிறாள். மணிக்கட்டு சிவந்திருக்கிறது. அந்தப் பையனை இவள் பார்த்ததுகூட இல்லை. நானே பார்த்ததில்லை, நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்தே மூன்று வருஷம். அவன் ம்மோவ் என்று கூப்பிடுவது நல்லம்மா அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்படியானால் என் கைக்குள் இருந்தபோது,

போய்ப் பிடுங்கினேன். அக்கா விடவில்லை, நானும் விடவில்லை, நடுவில் சம்மு. கடைசியில் நான் அந்த அக்காவின் கையைக் கிள்ளிவிட்டேன். "உம்பட ஊட்டுக்காரன் பேசறப்ப கேட்டயல்ல, எம்பட பையன் பேசினா மட்டும் கசக்குதா?" என்று கேட்டாள். நியாயந்தான். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பால் பொங்கித் தீய்ந்து வீடு முழுக்க நாற்றம்.

நவம்பர் 21

இவர் பேசிவிட்டார். நன்றாக இருக்கிறார். டாபாவில் தூங்கும்போது போன் திருட்டுப் போயிருக்கிறது, எண்ணெல்லாம் அதிலேயே போய்விட்டது, ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து என் நம்பரை வாங்க இத்தனை நாள். தண்ணியில் கால்கூட நனையவில்லையாம், மழை அன்றைக்கே விட்டுவிட்டதாம்.

சிரித்தேன். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இவர் வந்துவிடுவார். அம்மா தங்கம் என்று எழுதினாளே, அவள் யார்? எனக்குப் போன வாரம் வரை ஒரு பெண் இருந்தாள், என்னோடு பேசினாள். அவள் செத்த மாதிரி இருக்கிறது. அவளுக்காக யார் வீட்டிலும் போய் அழ முடியாது.

நவம்பர் 22

பலகையைத் திருப்பிச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டேன். மூன்று மணிக்கு என் வலது கை தானாகக் குறுகுறுக்கிறது. வெங்காயம் உரித்தேன், துணி துவைத்தேன். நிற்கவில்லை.

நவம்பர் 30

இவர் வந்துவிட்டார். சம்முவுக்கு அசாமிலிருந்து ஒரு மூங்கில் கிலுகிலுப்பை. குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பலகையைத் தேடினார். "ஏம்புள்ள, திருப்பி வெச்சிருக்கறே? நம்ம அம்மணி எங்கூடப் பேசட்டும்" என்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன், தூங்கும்போது எழுதியதையும். கேட்டுக்கொண்டே கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"சீக்கிரம் வான்னுச்சே. அதுவுமா?"

"அதுவுந்தான் மாமா."

"அப்ப அது நீ சொன்னயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து அப்படி ஒரு தடவைகூட இவரிடம் நான் சொன்னதில்லை. கிளம்பும்போதெல்லாம் சண்டைதான் போடுவேன்.

"நீயாச்சும் சொன்னயே" என்றார். கிலுகிலுப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எம்புள்ள சொன்னான்னு கவுகாத்தி வரைக்கும் அழுதுட்டே ஓட்டினேன்" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 3

எஸ்தர் மிஸ்ஸுக்கு நானே போன் செய்து வரச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. "அன்னிக்கு டீ குடிக்காமப் போயிட்டேன், இன்னிக்கு ரெண்டு டம்ளர் குடுங்க" என்றார்.

பலகை இனி வேண்டாம் என்றார். அதிலிருந்து மூன்றே மூன்று எழுத்தை உரித்து மூன்று அட்டையில் ஒட்டினார். வா, போ, தா. ஒவ்வொன்றும் ஒரே எழுத்து, ஒரே வேலை. மிஸ் நீட்டிய 'தா'வை வாங்கிக்கொண்டு நான் பிஸ்கட் தர வேண்டும். 'வா' வந்தால் கொடுத்தவர் பக்கத்தில் போக வேண்டும், 'போ' வந்தால் எழுந்து வெளியே போக வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அட்டை கொடுத்து நடித்துக் காட்டினோம். நான் எழுந்து போவதும் வருவதுமாக இருந்தேன். எல்.கே.ஜி. நாடகம் மாதிரி. சம்மு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அவளா எடுத்து உங்க கையில குடுக்கணும். நீங்க தொடக் கூடாது. ஒரு மாசமானாலும் சரி, ஒரு வருஷமானாலும் சரி" என்றார் மிஸ்.

டிசம்பர் 6

அட்டைகளை முன்னால் பரப்பி, என் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மரத்துப்போகிற வரைக்கும். சம்மு ஒரு அட்டையைக் கடித்தாள். வேறொன்றுமில்லை.

டிசம்பர் 8

தெருவில் என்னோடு யாரும் பேசுவதில்லை. நல்லம்மா அக்கா குழாயடியில் மட்டும் நின்றாள். "ஒரே ஒரு தடவ புள்ளையக் குடு துளசி. அவன் சாப்புட்டானான்னு மட்டும் கேட்டுட்டுக் குடுத்தர்றேன்" என்றாள். அது உங்கள் கைதான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் ஜன்னல் வழியாக யாரோ பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மூன்று மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

டிசம்பர் 11

ஒன்றும் இல்லை.

டிசம்பர் 12

ஒன்றும் இல்லை. இவர் ஹைதராபாத் லோடு ஏற்றிக்கொண்டு போனார். லாரி கிளம்பும்போது கண்ணாடிக்குக் கீழே போய் நின்று, சீக்கிரம் வாங்க என்றேன். என் வாயாலேயே.

டிசம்பர் 16

சம்மு காலையிலிருந்து மூங்கில் கிலுகிலுப்பையைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல அட்டைகளை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கை தொடைக்கு அடியில். பேசிக்கொண்டே இருந்தேன். பார் சாமி, இது தா, பிஸ்கட் வேணுமா, அம்மாட்டக் குடு, அம்மா இங்கதான் இருக்கறேன், பார், இங்க பார்.

கிலுகிலுப்பையை நிறுத்தினாள். அட்டைகளைப் பார்த்தாள். ஃபேனை அல்ல, அட்டைகளை. ஒன்றை எடுத்தாள், கீழே போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். என் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையை விரித்தாள். அட்டையை வைத்து என் விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

விரித்துப் பார்த்தேன். போ.

'தா'வை எடுக்க வந்து கை தவறியிருக்கும் என்று முதலில் ஒரு நினைப்பு ஓடியது. மாற்றிக் கொடுக்கலாமா என்று கையும் போனது. போன கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவள் இன்னும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் சம்மு இருந்தாள். முழுசாக இருந்தாள்.

எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

உள்ளே கிலுகிலுப்பை மறுபடி உருள ஆரம்பித்தது. க்கூ என்றாள். சிரிக்கிறாள்.

ருக்குமணி அக்கா துணி காயப்போட வந்தவள், இத்தனை நாள் கழித்து இன்றுதான் வாயைத் திறந்தாள். "ஏன் துளசி, வெய்யில்ல உக்காந்திருக்கறே?"

"சம்மு போகச் சொன்னாக்கா."

"சொன்னாளா?"

"ஆமாக்கா. சொன்னா."

இதை வாசல்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அடுப்பில் பருப்பு வைத்திருக்கிறேன், ஒரு விசில் அடித்துவிட்டது. உள்ளே போய் அணைத்துவிட்டு வந்துவிட வேண்டும், அவள் பக்கம் திரும்பாமல்.